கன்னங்குறிச்சியில் கேட்ட சத்தமும் செயலியில் இல்லாத நடுக்கமும்

கன்னங்குறிச்சியில் மாடி வீட்டில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: போன வாரம் ஒரு பிற்பகலில் 'டொம்' என்று சத்தம் கேட்டது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது, அடுக்களையில் பாத்திரங்கள் உரசின. அரசாங்கச் செயலியைத் திறந்து பார்த்தால் சேலம் என்ற பெயரே இல்லை. அமெரிக்க அரசின் நிலநடுக்கத் தளத்திலும் இல்லை. 'மறைக்கிறார்களா? சேர்வராயன் மலை நகர்கிறதா, இல்லை பழைய எரிமலையா? ஜப்பானில் முன்கூட்டியே போன் அலறுகிறதே, இங்கே ஏன் இல்லை?' இத்தனை கேள்விகளுக்கும் அடியில் அவர் கேட்பது, நம் காலடியில் நடப்பதைக் கவனிக்க ஆள் இருக்கிறார்களா, இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான். நான் படித்தது புவி இயற்பியல். பல வருடங்கள் அதிர்வுப் பதிவுகளைப் படிப்பதே வேலையாக இருந்தது. சொந்த ஊரும் சேலம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் செயலி விஷயம். 'பூகம்ப்' என்ற அந்தச் செயலியை நடத்துவது டெல்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையம். மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருவது. 2014-க்கு முன்னால் இந்த வேலை வானிலைத் துறையிடம் இருந்தது. நாடு முழுக்க நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் அவர்களிடம் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பங்கு இமயமலை ஓரத்திலும் வடகிழக்கிலும் டெல்லியைச் சுற்றியும் நிற்கிறது. ஆபத்து அங்கேதான் அதிகம், அதனால் அது நியாயமும்கூட. தெற்கே வரவர நிலையத்துக்கு நிலையம் இடைவெளி விரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் கொடைக்கானல், சென்னை என்று சில இடங்கள்தான். ஒரு நடுக்கம் எங்கே நடந்தது என்று கணக்கிட, குறைந்தது மூன்று நிலையங்களிலாவது அலை தெளிவாக விழுந்திருக்க வேண்டும். நம்பிச் சொல்ல அதைவிடக் கூடுதலாக வேண்டும். 3 அளவைத் தாண்டியது பெரும்பாலும் தப்பாது. 2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்தில் பலர் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்களே, அது 3.3. உடனே வெளியிட்டார்கள். 2-க்குக் கீழே என்றால் உங்கள் தெருவுக்கு அடியிலேயே நடந்திருந்தாலும் பட்டியலில் ஏறாமல் போகலாம். ஆனால் ஆழம் குறைவாக இருந்தால் அந்த 2 அளவையே மேலே இருப்பவர் உணர்ந்துவிடுவார், சத்தமும் கேட்கும். ஆக, மனிதருக்குத் தெரிந்து கருவி வலைக்குத் தெரியாத நடுக்கம் உண்டு. அதை மறைப்பு என்று நினைக்க வேண்டியதில்லை, கருவிகள் தூரத்தில் இருப்பதன் விளைவு அது. அமெரிக்கத் தளத்தைப் பொறுத்தவரை, நம் பக்கத்தில் 4-க்குக் கீழ்ப்பட்டது அங்கே பெரும்பாலும் வராது.

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் செய்தியில் வரும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். பாறை உடைந்து நகரும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதலில் வருவது பி அலை, கெட்டிப் பாறையில் வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும். பின்னால் வருவது எஸ் அலை, சுமார் மூன்றரை கிலோமீட்டர். இரண்டும் வந்து சேர்ந்ததற்கு இடைப்பட்ட வினாடிகளை எட்டால் பெருக்கினால் தோராயமாகத் தூரம் கிடைத்துவிடும். சேலத்தில் ஒரு கருவி இருந்து அதில் 3 வினாடி இடைவெளி விழுந்தால், நடுக்கம் 24 கிலோமீட்டர் தள்ளி நடந்திருக்கிறது. ஆனால் ராசிபுரம் பக்கமா, வாழப்பாடி பக்கமா, மலைக்கு மேலா என்று அந்த ஒரு கருவியால் உறுதியாகச் சொல்ல முடியாது. வெவ்வேறு திசைகளில் இன்னும் இரண்டு கருவிகள் வேண்டும். அவை எல்லாமே இருநூறு கிலோமீட்டர் தள்ளி, அதுவும் ஒரே பக்கமாக இருந்தால் இடத்தில் பத்து கிலோமீட்டர் பிழை சாதாரணமாக வரும். ஆழம் இன்னும் மோசம். செய்தியில் 'ஆழம் 10 கி.மீ.' என்று அடிக்கடி பார்ப்பீர்கள். பல சமயம் அது அளந்த எண்ணே இல்லை, கணக்கு முடிவதற்காக வைத்துக்கொண்ட எண். நடந்தது என்பது உறுதி, நேரமும் உறுதி, அளவு ஓரளவு உறுதி. எந்த ஊருக்கு அடியில் என்பதிலும் எவ்வளவு ஆழத்தில் என்பதிலும் சந்தேகத்துக்கு இடம் உண்டு.

சரி, உங்களுக்குக் கேட்டது என்ன? நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் வெள்ளைக்கல் சுரங்கப் பகுதி. சுற்றிலும் கல் குவாரிகள். திறந்தவெளிச் சுரங்கத்தில் பகல் வெளிச்சத்தில், பெரும்பாலும் ஆட்கள் ஒதுங்கும் நேரமாகப் பார்த்துத்தான் வெடி வைப்பார்கள். பிற்பகல் என்று நீங்கள் சொல்லும்போது என் சந்தேகம் அங்கேதான் முதலில் போகிறது. கருவிப் பதிவு ஒன்று கையில் இருந்தால் வெடியையும் நடுக்கத்தையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். வெடி எல்லாத் திசையிலும் பாறையை வெளியே தள்ளும், அதனால் எந்த நிலையத்தில் பார்த்தாலும் முதல் அசைவு மேல்நோக்கி இருக்கும், எஸ் அலை பலவீனமாக இருக்கும். நிலநடுக்கத்தில் பாறை வழுக்குவதால் ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். சில நிலையங்களில் முதல் அசைவு மேலே, சிலவற்றில் கீழே.

இரண்டாவது சாத்தியம் வானத்திலிருந்து. ஒலியை விட வேகமாகப் பறக்கும் போர் விமானம் உண்டாக்கும் அதிர்வு பத்து, இருபது கிலோமீட்டருக்கும் மேல் பரவும். 2020 மே 20 அன்று பெங்களூரு முழுக்க அப்படி ஒரு சத்தம் கேட்டு நிலநடுக்கம் என்று எல்லோரும் பதறினார்கள். கருவிகளில் நடுக்கம் பதிவாகவில்லை, விமானப்படையின் சோதனைப் பறப்பு என்று பிறகு தெரிந்தது. காற்றில் வரும் அதிர்வு கண்ணாடியையும் கதவையும் முதலில் பிடிக்கும், தரை அவ்வளவாக ஆடாது. நீங்கள் ஜன்னலைச் சொன்னீர்கள், தரையைச் சொல்லவில்லை. அதை வைத்துப் பார்த்தால் எனக்கு வெடி அல்லது விமானம் பக்கம்தான் சாய்வு. ஆனால் இது சாய்வு மட்டுமே. மூன்றாவது சாத்தியமான ஆழமற்ற சிறு நடுக்கத்தைத் தள்ளிவிட என்னிடம் ஆதாரம் இல்லை.

மலைக்கு வருவோம். சேர்வராயன் மலை எரிமலை இல்லை, இருந்ததும் இல்லை. அது சார்னோகைட் என்ற பாறை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, பிறகு மேலே வந்தது. மலையுச்சியில் எடுக்கும் பாக்சைட், அதே பாறை மழையிலும் வெயிலிலும் காலம் காலமாக மட்கிக் கிடைத்தது. அடிவாரத்து வெள்ளைக்கல்லைக் காட்டி 'எரிமலைச் சாம்பல்' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பூமியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பச்சைப் பாறை ஒன்று ரசாயன மாற்றம் அடைந்து உண்டான மேக்னசைட் அது, சாம்பலோடு எந்த உறவும் இல்லை. இதெல்லாம் உறுதியானது.

உறுதி குறைவது பிளவுகளின் விஷயத்தில்தான். சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டினம், வாழப்பாடி வழியாக ஆத்தூர் போகிறவர்களுக்கு இடது பக்கம் சேர்வராயனும் கல்வராயனும், வலது பக்கம் ஜருகுமலையும் போதமலையும் தெரியும். நடுவே அந்தப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ நேர்கோடாக ஓடுகிறது. அது தற்செயல் இல்லை. சேலம்–ஆத்தூர் வெட்டுமண்டலம் என்று புவியியலாளர்கள் சொல்லும் பழைய பெருங்காயம் ஒன்றின் வழியாகத்தான் அந்தச் சாலை போகிறது. தெற்கிலும் மேற்கிலும் பாலக்காடு–காவிரி, மோயாறு–பவானி என்று இன்னும் பெரிய மண்டலங்கள் இருக்கின்றன. இவை கடைசியாகப் பெரிய அளவில் நகர்ந்து அம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பாறை ஒருமுறை நொறுங்கிய இடம் பலவீனமான இடம். நம் நாட்டைத் தாங்கி நகரும் பெரும்பாறைப் பலகையான இந்தியத் தட்டு முழுவதும் வடக்கே இமயமலையில் முட்டி அழுத்தத்தில் இருக்கிறது, அந்த அழுத்தம் எங்கேயாவது ஒரு பழைய காயத்தில் கொஞ்சம் கசிவது இயல்பு. அவ்வப்போது வரும் சிறு நடுக்கங்கள் அப்படிப்பட்டவை என்று சொல்லலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு நடுக்கத்தை எடுத்துக்கொண்டு 'இது இந்தப் பிளவில்தான்' என்று கை காட்ட, முன்னால் சொன்ன பத்து கிலோமீட்டர் பிழை விடாது. வரைபடத்தில் கோட்டைப் பார்த்து நடுக்கத்தை அதன்மேல் ஒட்டவைப்பது எளிது, அதனால்தான் அதில் நான் எச்சரிக்கையாக இருக்கிறேன்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். நம் பக்கத்து நிலம் பழையது, குளிர்ந்தது, கெட்டி. வெண்கலக் குடத்தைத் தட்டினால் ஓசை நெடுநேரம் நிற்கும், மண்குடத்தில் அப்படி நிற்காது. அதுபோல இந்தப் பாறையில் அலை சீக்கிரம் தேயாமல் வெகுதூரம் போகும். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அதை உணர்ந்தார்கள். நம் வட்டாரத்தில் பதிவாகியிருப்பதில் மிகப் பெரியது அதுதான்.

மலை நகர்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் இரண்டு பதில் உண்டு. சேலம், ஏற்காடு, கன்னங்குறிச்சி, உங்கள் வீடு எல்லாமே வருடத்துக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தியத் தட்டு மொத்தமும் அப்படித்தான் போகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் ஹைதராபாத்திலும் இருக்கும் செயற்கைக்கோள் நிலைகாண் நிலையங்கள் இதைப் பல ஆண்டுகளாக அளந்துவருகின்றன. பாறையில் ஊன்றிய தூண், அதன் தலையில் ஒரு ஆன்டெனா. போனில் இருக்கும் அதே ஜிபிஎஸ் தத்துவம்தான். ஆனால் இரவும் பகலும் தொடர்ந்து பதிவு செய்து கணக்கிடுவதால் ஒரு நாளின் இருப்பிடம் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் கிடைக்கிறது. இந்திய நில அளவைத் துறையும் நாடு முழுக்க இப்படித் தொடர்ந்து இயங்கும் நிலையங்களை நிறுவியிருக்கிறது. அவற்றின் முதல் நோக்கம் நில அளவை, ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கும் அது பொக்கிஷம்.

நடுக்கத்துக்கு முக்கியம் மொத்தமாகப் போவது அல்ல, ஒரு இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான். தீபகற்பத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையிலேயே அந்த வித்தியாசம் வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இமயமலைக் குறுக்கே அது 2 சென்டிமீட்டரை நெருங்குகிறது. அப்படியிருக்க, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அளவுக்கருவியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். மழைக்காலத்தில் நிலம் நீரின் எடையில் அமிழ்ந்து கோடையில் எழுவதே அதைவிடப் பெரிய அசைவு. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி., அதாவது ஏறத்தாழ 265 கோடி டன் எடை ஒரே இடத்தில் ஏறுகிறது. இப்படிப்பட்ட பருவகால ஏற்ற இறக்கத்தைக் கழித்து எஞ்சியதைப் பார்க்கப் பல வருடப் பதிவு வேண்டும். சேர்வராயன் தனியாக நகர்கிறது என்று சொல்ல எந்த அளவீடும் இல்லை.

மேட்டூர் என்றதும் அடுத்த கேள்வி வரும், தெரியும். அணை நீர் நடுக்கத்தைத் தூண்டுமா? தூண்டும். மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை நிரம்பத் தொடங்கிச் சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் நடுக்கம் வந்து ஏறக்குறைய இருநூறு பேர் இறந்தார்கள். அங்கே இன்றுவரை சிறு நடுக்கங்கள் நிற்கவில்லை. ஆனால் கொய்னா நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த அணை, மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடிதான். 1934 முதல் நிரம்பியும் வடிந்தும் வருகிறது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஜப்பானைப் பற்றி. 1995 கோபே நடுக்கத்துக்குப் பிறகு அவர்கள் நாடு முழுக்க நுண்ணிய அதிர்வுமானிகளை ஆழ்துளைகளுக்குள் இறக்கினார்கள், சுமார் 800. செயற்கைக்கோள் நிலைகாண் நிலையங்கள் 1,300 அளவில். 2011 மார்ச் நடுக்கத்தில் ஓஷிகா தீபகற்பத்தில் இருந்த நிலையம் 5.3 மீட்டர் கிழக்காக நகர்ந்து ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்ததை அப்படித்தான் கண்டார்கள். 2007 அக்டோபரிலிருந்து பொதுமக்களுக்கு எச்சரிக்கையும் போகிறது. ஆனால் அது நடுக்கத்தை முன்கூட்டிக் கணிப்பது இல்லை. நடுக்கம் தொடங்கியபின் முதல் அலையைப் பிடித்து, பலமான அலை வந்து சேருமுன் சொல்வது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் தொடங்கினால் இருபது வினாடி போலக் கிடைக்கும். உங்கள் தெருவிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் தொடங்கினால் பலமான அலை நாலைந்து வினாடியில் வந்துவிடும். கருவி கண்டுபிடித்துச் செய்தி அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஜப்பானிலும் அந்த வட்டத்துக்குள் இருப்பவருக்கு இதே கதிதான். இந்தியாவில் உத்தராகண்டில் 2021 முதல் இப்படி ஒரு செயலி இருக்கிறது. 2023-லிருந்து ஆண்ட்ராய்டு போன்களிலும், போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகளை வைத்தே எச்சரிக்கும் வசதி வந்திருக்கிறது. அமைப்புகளில் அதை இயக்கி வையுங்கள், செலவில்லை. தேதி, நேரம் சொல்லி 'அடுத்த வாரம் நடுக்கம்' என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். உலகத்தில் எவராலும் அது முடியாது.

அப்படியென்றால் சேலத்துக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது, நடுத்தரமாக. 2002-ல் வெளியான நில அதிர்வு மண்டல வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலம். சென்னை, கோயம்புத்தூர் போல. 2016 பதிப்பிலும் அப்படியே. மோசமாகக் கட்டிய செங்கல் சுவர்கள் விரிசல் விட்டு விழக்கூடிய அளவுக்கு ஒரு குலுக்கல் வரக்கூடும் என்று அதற்குப் பொருள். மகாராஷ்டிரத்துக் கில்லாரி கிராமம் ஆபத்து மிகக் குறைவு என்று குறித்த மண்டலத்தில் இருந்தது. 1992-ல் அங்கே சிறு நடுக்கங்கள் தொடர்ந்து வந்தன. 1993 செப்டம்பர் 30 அதிகாலை வந்த 6.2 அளவு நடுக்கத்தில் பத்தாயிரம் பேரளவில் இறந்தார்கள், பெரும்பாலும் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய கனமான சுவர்களுக்கு அடியில். இந்தியாவின் கருவி வலையைப் புதுப்பிக்க அரசு இறங்கியதே அதற்குப் பிறகுதான். சிறு நடுக்கங்கள் எல்லாம் பெரியதில் முடிவதில்லை, பெரும்பாலானவை அப்படியே அடங்கிவிடும். ஆனால் எது அடங்கும், எது அடங்காது என்று முன்கூட்டியே பிரிக்க வழி கிடையாது. அதனால்தான் சிறியதையும் அளந்து வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். சேர்வராயன் மேலே, சாலைச் சத்தம் எட்டாத கெட்டிப் பாறையில் ஒரு நிரந்தர அதிர்வுமானியும் ஒரு நிலைகாண் தூணும் வர வேண்டும். 1899-லேயே கொடைக்கானலில் மில்ன் என்ற அக்கால வகை அதிர்வுமானியை வைத்த நாடு இது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய நிசார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை இதே நிலத்தை ரேடாரில் பார்க்கிறது. அதன் நீண்ட அலை காபித் தோட்டத்து மர இலைகளையும் ஓரளவு ஊடுருவும். தரையில் ஒரு தூண் இருந்தால்தான் வானத்திலிருந்து வரும் அந்த அளவுகளைச் சரிபார்க்க முடியும்.

அடிவாரத்தில் இருப்பவர் என்பதால் ஒரு விஷயம் கூடுதலாக. அந்த மலையில் உயிருக்கு அடிக்கடி ஆபத்தாவது நடுக்கம் இல்லை, மழைதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டி மனை போட்டிருந்தால், நிலநடுக்கச் செயலியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வெட்டுச் சுவரில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மாடிக்குக் கீழே வண்டி நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டுக் கட்டியிருந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். குலுக்கலில் முதலில் உட்காருவது அப்படிப்பட்ட தளம்தான்.

அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டால் உடனே போனில் நேரத்தைப் பாருங்கள், முடிந்தால் வினாடியோடு. தரை ஆடியதா, கண்ணாடி மட்டுமா, நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களா நடந்துகொண்டிருந்தீர்களா, எத்தனையாவது மாடி, சத்தம் முன்னால் வந்ததா ஆட்டம் முன்னால் வந்ததா என்று எழுதிவைத்து, 'பூகம்ப்' செயலியிலேயே உணர்ந்ததைத் தெரிவிக்கும் இடத்தில் பதியுங்கள். போன வாரத்துக்கும் இது பொருந்தும். ஓமலூர், வாழப்பாடி, ஏற்காட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் யாராவது அதே பிற்பகலில் எதையாவது உணர்ந்திருந்தால் ஊரையும் நேரத்தையும் கீழே போடுங்கள். நாலு ஊர் நேரம் கிடைத்தால் வெடியா, விமானமா என்பதையாவது என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.